லேமினேட் செய்த முக்கோணம்

எச்சிலைக் கண்டு எனக்கு அருவருப்பு வருவதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் அபிப்பிராயம் வேறு. கரமனை அக்கிரகாரத்தில் எங்கள் வாசற்படியில் கால் வைத்ததும் உள்ளேயிருந்து குரல் வரும். "ஸ்ரீலக்ஷ்மி, எதையும் தொட்டுடாதே. நேரா கிணத்தடிக்குப் போ. குளிச்சுட்டுத்தான் அடுக்களைக்குள்ள வரணும்." அம்மாதான். ஊரார் எச்சிலைத் துடைப்பதற்குப் பட்டம் வாங்கின ஒரே பெண் அவள் பெற்றவள்தான் என்பது அவளுடைய தீராத வருத்தம்.

நான் ஸ்பீச் தெரபிஸ்ட். பக்கவாதம் வந்து வாய் கோணினவர்கள், பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவர்கள், நாக்கு தடித்துப் பேச்சு குழைந்தவர்கள் எல்லாம் எங்கள் மையத்துக்கு வருவார்கள். அவர்களுக்கு ஓரத்தில் எச்சில் வழியத்தான் செய்யும். கைக்குட்டையால் ஒற்றி எடுத்துவிட்டு வேலையைப் பார்ப்பேன். பதினோரு வருஷத்தில் ஒருநாளும் எனக்குக் குமட்டியதில்லை.

எனக்குக் குமட்டுவது வேறொன்று. ஒரு தாளில் பச்சையும் ஆரஞ்சுமாக அச்சடித்த முக்கோணம். 

அது என்ன என்று சொல்கிறேன். "ஆ" என்று சொல்லும்போது நாக்கு கீழே இறங்குகிறது. "ஈ" என்றால் முன்னால் மேலே ஏறுகிறது. "ஊ" என்றால் பின்னால் மேலே போகிறது. வாய்க்குள் நாக்கு போய்வரக்கூடிய மூன்று மூலைகள் இவை. மைக்கில் பதிவு செய்தால், கம்ப்யூட்டர் ஒவ்வொரு சத்தத்துக்கும் இரண்டு எண்களைத் தரும். அதை வைத்து ஒரு புள்ளி. மூன்று புள்ளிகளையும் கோடு போட்டு இணைத்தால் முக்கோணம். நாக்கு தாராளமாக ஓடினால் முக்கோணம் பெரிதாக இருக்கும், சோர்ந்து ஒரே இடத்தில் கிடந்தால் சுருங்கிவிடும். குறையில்லாமல் பேசுகிறவர்களின் முக்கோணத்தை நூறு என்று வைத்துக்கொண்டு நோயாளிக்கு எத்தனை என்று சொல்லலாம். அளவில் ஒரு குற்றமும் இல்லை. குற்றமெல்லாம் அதைக் கையில் வைத்திருந்த எங்களிடம்தான்.

சுடலைக்கண்ணு அண்ணாச்சி எங்களிடம் வந்தது மே மாதக் கடைசியில். நாற்பத்தாறு வயது, நாங்குனேரிப் பக்கத்து ஆள். இருபத்திரண்டு வருஷமாக ஆரியசாலையில் பகவதிப்பெருமாள் முதலாளியின் சைவ ஹோட்டலில் சப்ளையர். அந்தக் கடையில் ஆர்டரைச் சீட்டில் எழுதும் வழக்கம் கிடையாது. ஆறு மேசையில் கேட்டதையும் மனசில் வாங்கிக்கொண்டு, நடுவில் நின்று, அடுக்களையைப் பார்த்து ஒரே மூச்சில் கத்த வேண்டும். உள்ளே புகைக்கும் கரண்டிச் சத்தத்துக்கும் நடுவில் மாஸ்டர் கோமதிநாயகத்துக்கு அது விழ வேண்டும். கேட்ட வரிசையில் பலகாரம் வர வேண்டும். ஜனவரியில் ஒருநாள் காலை, பாதி ஆர்டர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அண்ணாச்சிக்கு வாய் இழுத்துக்கொண்டுவிட்டது.

கை கால் ஓரளவு திரும்பியது. பேச்சு திரும்பவில்லை. என்ன பேச வேண்டும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும், வார்த்தையெல்லாம் உள்ளே ஒழுங்காக இருக்கிறது. வெளியே வரும்போது ஒரே குழைவு, அவ்வளவுதான். முதலாளி அவரை விரட்டிவிடவில்லை. "ஓணம் வரைக்கும் உன் எடத்துல வேற ஆளப் போடமாட்டேன். பேச்சு வந்துட்டா நீயே நில்லு. வரலேன்னா எல எடுத்துட்டு இரு" என்று சொல்லியிருந்தார். அதாவது சாப்பிட்டவர்களின் எச்சில் இலையை எடுத்து மேசை துடைக்கிற வேலை.

"எல எடுக்கது ஒண்ணும் கொறச்சலில்ல மேடம்" என்று அவர் மனைவி மாடம்மாள் முதல் நாளே என்னிடம் சொன்னாள். அவளும் அதே கடையில் பாத்திரம் தேய்ப்பவள். "ஆனா அவிய அந்த நடுவுல நிக்கணும் மேடம். அங்க நின்னாத்தான் அவிய ஆளு. இப்பம் ஓரமா ஒதுங்கி ஒதுங்கிப் போறாவ. எனக்குக் காணச் சகிக்கல."

அண்ணாச்சி ஏதோ சொன்னார். நாலைந்து வார்த்தை. எனக்குப் புரியவில்லை. "இன்னொரு தடவை சொல்லுங்க அண்ணாச்சி" என்றேன். சொன்னார். மறுபடியும் கேட்டேன். நான்காம் முறை எனக்குக் கிடைத்தது: சீக்கிரம் சரியாகுமா என்று கேட்கிறார். அவருக்கு வேர்த்துவிட்டது, ஆனால் முகம் மலர்ந்திருந்தது.

படிக்கும்போது எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் விதி இது. நோயாளி சொன்னது புரியாவிட்டால் தலையாட்டாதே. பத்துத் தடவையானாலும் கேள். புரிந்ததுபோல் தலையாட்டினால், நீ அவன் வாயை இன்னொருமுறை மூடுகிறாய். நான் இதில் மகா கர்வி. எங்கள் மையத்தின் டைரக்டர் டாக்டர் கேசவ் இந்த விதியை எந்தக் காலத்திலோ காற்றில் விட்டவர். நோயாளி என்ன குழறினாலும் கண்ணைப் பாதி மூடி, உதட்டோரத்தில் ஒரு சிரிப்போடு, மேலும் கீழுமாக மெதுவாக இரண்டு தடவை தலையை ஆட்டுவார். "வெரி குட், வெரி குட்." அவ்வளவுதான், அடுத்த ஆள். நானும் ஆர்ஷாவும் கேன்டீனில் அதை நடித்துக் காட்டிச் சிரிப்போம். ஆர்ஷா எங்கள் ரெக்கார்டிங் அறையைப் பார்த்துக்கொள்ளும் பெண். "சேச்சி, கேசவ் தலையாட்டு ஒண்ணு போடுங்க" என்பாள். நான் கண்ணைப் பாதி மூடுவேன். அவளுக்குச் சாயா புரையேறும்.

அண்ணாச்சியின் முதல் முக்கோணம் நாற்பத்தொன்று வந்தது. பன்னிரண்டு வாரச் சிகிச்சை, வாரம் இரண்டு நாள், ஒரு தடவைக்கு இருபது நிமிஷம். எண்பதைத் தாண்டினால் 'தெளிவு அடைந்தவர்' என்று எழுதி டிஸ்சார்ஜ் செய்வோம்.

முதலில் திட்டம் போட்டபோது, வார்த்தைகளுக்குள் வரும் ஆ, ஈ, ஊவைத்தான் அளப்பதாக இருந்தது. "பால்", "மீன்", "பூரி" என்று சாதாரணமாகப் பேசச் சொல்லி, பேச்சின் ஓட்டத்துக்குள்ளிருந்து சத்தத்தை வெட்டி எடுத்து அளப்பது. அதுதான் நேர்மையான வழி. ஆனால் ஒரு ஆளுக்கு அப்படி வெட்டி எடுக்க இரண்டு மணி நேரம் பிடிக்கும். யார் செய்வது என்று கூட்டத்தில் கேட்டபோது எல்லோரும் மேசையைப் பார்த்தோம். நானும் பார்த்தேன். எனவே தனித்தனியாக "ஆ...", "ஈ...", "ஊ..." என்று நீட்டச் சொல்லி அளந்தால் போதும் என்று முடிவானது. ஐந்து நிமிஷ வேலை.

சோதனை சுருங்கியதும் பயிற்சியும் தானாகவே சுருங்கியது. இருபது நிமிஷத்தில் என்ன செய்ய முடியும்? சோதனையில் வருவதைச் செய்வோம். வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சித் தாளை நான்தான் என் கையால் எழுதினேன். பெரிய எழுத்தில் ஆ, ஈ, ஊ. காலையில் நூறு, மத்தியானம் நூறு, சாயங்காலம் நூறு. கண்ணாடி முன்னால் நின்று, வாயை முழுக்கத் திறந்து. பரீட்சைக் கேள்வித்தாளை முன்கூட்டியே கொடுத்து மனப்பாடம் பண்ணச் சொல்வது போலத்தான். அன்றைக்கு எனக்கு அது உறைக்கவில்லை. இல்லை, உறைத்தது; ஆனால் பின்னால் வார்த்தைகளைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தேன். அந்தப் பின்னால் வரவேயில்லை.

மாடம்மாள் அந்தத் தாளை வேத வாக்காக எடுத்துக்கொண்டாள். அவளுக்கு அது பயிற்சி இல்லை, மருந்து. மூன்று எழுத்தையும் சரியாகச் சொன்னால் மற்ற எழுத்தெல்லாம் பின்னாலேயே வந்துவிடும் என்று நம்பினாள். பாத்திரம் தேய்த்துக்கொண்டே எண்ணுவாளாம். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார வைத்து ஆ, ஈ, ஊ சொல்ல வைப்பாளாம். "ஆளுக திரும்பித் திரும்பிப் பாக்காவ மேடம். பாத்தாப் பாக்கட்டும்னு நான் சொல்லிட்டேன்." ஜூலையில் முக்கோணம் அறுபதைத் தொட்டது. அந்த முக்கோணம் அச்சடித்த தாளை வாங்கிக்கொண்டுபோய் லேமினேட் செய்து, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருப்பதாக ஃபோனில் படம் அனுப்பினாள். சாஸ்தா படத்தை ஒட்டி என் முக்கோணம். அதற்கும் சேர்த்து சந்தனம் வைத்திருந்தாள்.

ஆகஸ்டில் எண்பத்து மூன்று.

அன்று ஆர்ஷா கைதட்டினாள். நானும் சந்தோஷமாகத்தான் இருந்தேன். ரெக்கார்டிங் அறையை விட்டு வெளியே வந்த அண்ணாச்சி என்னிடம் ஏதோ கேட்டார். ஐந்து தடவை கேட்டும் எனக்குக் கிடைக்கவில்லை. கடைசியில் குழாயைக் காட்டினார். தண்ணீர் கேட்டிருக்கிறார்.

எண்பத்து மூன்று சதவீதம் தெளிவான ஒரு மனிதர், தண்ணீர் வேண்டும் என்பதைக் கையால் காட்டிக் கேட்கிறார். அங்கேதான் எனக்கு முதன்முதலாகக் குமட்டியது.

மறுநாள் யாரையும் கேட்காமல் ஒரு வேலை செய்தேன். நூறு சாதாரண வார்த்தைகளை அவரைச் சொல்ல வைத்துப் பதிவு செய்தேன். அவரைத் தெரியாத மூன்று பேருக்குப் போட்டுக் காட்டி, காதில் விழுந்ததை எழுதச் சொன்னேன். வாசல் காவலாளி, மருந்துக் கவுன்டர் ஷில்பா, ஆம்புலன்ஸ் ஓட்டும் யோசுவா. சேர்ந்த நாளில் வழக்கப்படி இதே வார்த்தைகளைச் சொல்ல வைத்து எடுத்த மே மாதப் பதிவையும் அவர்களையே கேட்க வைத்தேன். பழையதில் நூற்றுக்கு இருபத்திரண்டு வார்த்தை புரிந்தது. புதியதில் இருபத்தைந்து. மூன்று மாதம், தினம் முன்னூறு தடவை, மூன்றே மூன்று வார்த்தை லாபம்.

தாளை எடுத்துக்கொண்டு டாக்டர் கேசவ் அறைக்குப் போனேன். அவர் அடுத்த வாரம் கோவளத்தில் நடக்கவிருந்த மாநாட்டுக்குப் படங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். திரையில் அண்ணாச்சியின் இரண்டு முக்கோணங்கள், முன்பு ஆரஞ்சு, இப்போது பச்சை.

"சார், முக்கோணம் எண்பத்து மூணு. ஆனா கேக்கறவங்களுக்குப் புரியறது நூத்துக்கு இருபத்தஞ்சுதான்" என்றேன்.

தாளைப் பார்த்தார். கண்ணைப் பாதி மூடி இரண்டு தடவை தலையை ஆட்டினார். "இது ஆரு கேட்டது? யோசுவாவா? ஆம்புலன்ஸ் ஓட்டுற ஆளோட காது நம்ம இன்ஸ்ட்ருமென்டோ?"

"அவர் பேசப் போறது யோசுவா மாதிரி ஆட்கள்கிட்டதானே சார்."

"ஸ்ரீலக்ஷ்மி, மனுஷர் கேக்குறது எல்லாம் சப்ஜெக்டிவ். நம்பர் கள்ளம் பறயில்ல." எண் பொய் சொல்லாதாம்.

"வார்த்தைக்குள்ள வர்றதை அளந்தா தெரிஞ்சுடும் சார். முதல்ல அப்படித்தானே பிளான் பண்ணோம்?"

"ரெண்டு மணிக்கூர் ஒரு பேஷன்ட்டுக்கு. நீ செய்யுமோ?" என்றார். நான் அவருடைய மேசையைப் பார்த்தேன். அவர் குரலை இறக்கி, மிகவும் அன்பாகச் சொன்னார்: "பயிற்சி செஞ்சாரு, நம்பர் கூடியது, அவருக்கும் சந்தோஷம். வெயிட்டிங் லிஸ்ட்ல நாப்பது பேரு. டிஸ்சார்ஜ்ல ஒப்பு இட்டுடு. இந்த லிசனர் பேப்பர் ஃபைல்ல வேண்டா, கேட்டோ."

நான் கையெழுத்துப் போட்டேன். என் ஒப்பந்தம் செப்டம்பரில் முடிகிறது. மாநாட்டுக் கட்டுரையில் இரண்டாவது பெயர் என்னுடையது. இதைவிடக் கௌரவமான காரணம் ஏதாவது இருந்தால் இங்கே எழுதியிருப்பேன். இல்லை. கேட்டு எழுதின அந்தத் தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். அன்று சாயங்காலம் அம்மா சொல்லுமுன்பே கிணற்றடிக்குப் போய் நாலு வாளி ஊற்றிக்கொண்டேன். அம்மாவுக்குப் பரம திருப்தி.

கோவளத்தில் கடலைப் பார்த்த ஒரு ஹோட்டல் ஹால். ஏசி குளிரில் அண்ணாச்சி புது வேட்டி கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மாடம்மாள் ஆரஞ்சு நிறப் பட்டுச் சேலையில் பக்கத்தில். டாக்டர் கேசவ் அவரை மேடைக்கு அழைத்து மைக்கைக் கையில் கொடுத்தார்.

"ஆ..." என்றார் அண்ணாச்சி. ஹாலின் கடைசி வரிசை வரைக்கும் கணீரென்று விழுந்தது. "ஈ..." "ஊ..." திரையில் பச்சை முக்கோணம் விரிந்தது. கைதட்டல். மாடம்மாள் அழுதுவிட்டாள்.

கைதட்டல் ஓயும்போது இரண்டாம் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். வெளியூர் டாக்டர் போலிருந்தது. "ஐயா, உங்க பேர் என்ன, எந்த ஊர்?" என்று தமிழில் கேட்டாள். அண்ணாச்சி முகம் மலர்ந்து பதில் சொன்னார். நீளமான பதில். பெயர், ஊர், கடை, எத்தனை வருஷம் என்று எல்லாவற்றையும் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். மைக்கில் வந்தது ஈரமான ஒரு குழைவு மட்டும்தான்.  டாக்டர் கேசவ் ஒரு அடி முன்னால் வந்து, கண்ணைப் பாதி மூடி இரண்டு தடவை தலையாட்டி, "வெரி குட், தேங்க் யூ" என்று மைக்கை வாங்கிக்கொண்டார். பிறகு பையிலிருந்து சானிடைசர் துணியை எடுத்து, அண்ணாச்சி கண்ணெதிரிலேயே மைக்கின் தலையைத் துடைத்தார். ஒருமுறை. திருப்பிப் பிடித்து இன்னொருமுறை.

தூ என்று இருந்தது எனக்கு. எழுந்து போய்த் திரைக்குப் பக்கத்தில் நின்று உள்ளதைச் சொல்லியிருக்கலாம். தாள் கைப்பையிலேயே இருந்தது. நான் உட்கார்ந்துகொண்டிருந்தேன். அடுத்த படத்தில் என் பெயர் வந்தது.

ஓணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது மாடம்மாள் ஃபோன் செய்தாள். "மேடம், நாளைக்குக் காலைல பத்து மணிக்குக் கடைக்கு வரணும். அவிய ஆர்டர் சொல்லப் போறாவ. மொதலாளி செரின்னுட்டாவ. நீங்க நின்னு பாக்கணும்னு அவியளுக்கு ஆசை."

வர முடியாது என்று சொல்ல எனக்கு நாலு பொய் தயாராக இருந்தது. போனேன்.

ஓணக் கூட்டம். ஆரியசாலையில் மிளகு மூட்டைகளுக்கும் ஆட்டோக்களுக்கும் நடுவில் வழி கண்டுபிடித்துப் போய்ச் சேர்ந்தபோது கடை நிறைந்திருந்தது. கல்லாவில் பகவதிப்பெருமாள் முதலாளி. தேய்க்கும் தொட்டியை விட்டுவிட்டு மாடம்மாள் அடுக்களை வாசலில் வந்து நின்றாள். கையில் இன்னொரு லேமினேட் முக்கோணம், எண்பத்து மூன்று. டிஸ்சார்ஜில் என் கையெழுத்தோடு கொடுத்ததை அதே வாரம் லேமினேட் செய்திருக்கிறாள். அண்ணாச்சி வெள்ளைச் சட்டை போட்டு நடுவில் நின்றார். அந்த இடத்தில் நின்றதுமே அவர் முதுகு நிமிர்ந்ததை நான் பார்த்தேன். மாடம்மாள் சொன்னது சரிதான், அங்கே நின்றால் அவர் வேறு ஆள்.

நாலு மேசையில் கேட்டுக்கொண்டார். தலையை நிமிர்த்தி அடுக்களையைப் பார்த்து ஒரே மூச்சில் சொன்னார். ரெண்டு நெய் ரோஸ்ட், ஒரு செட் பூரி, ரெண்டு ரசவடை, மூணு சாயா, அதில் ஒண்ணு சீனி இல்லாமல். மேசைக்காரர்கள் கேட்டது என் காதிலும் விழுந்ததால் எனக்கு இது தெரியும். அவர் வாயிலிருந்து வந்ததை வைத்து ஒன்றுமே தெரிந்திருக்காது.

கோமதிநாயகம் மாஸ்டர் கரண்டியோடு எட்டிப் பார்த்தார். "என்ன கண்ணு? இன்னொருக்க சொல்லு."

சொன்னார்.

"ரோஸ்ட் எத்தன?"

சொன்னார். சத்தம் கூடியதே தவிர வேறொன்றும் ஆகவில்லை. மாஸ்டர் முதலாளியைப் பார்த்தார், முதலாளி மேசையைப் பார்த்தார். நாலாவது மேசையிலிருந்து ஒருவர், "சேட்டா, நம்முடெ ரசவடை எவிடே?" என்றார். அண்ணாச்சியின் கழுத்து நரம்பு புடைத்தது. மூன்றாம் தடவையும் சொன்னார். பிறகு, என்ன செய்வதென்று தெரியாமல், கைகளைப் பக்கவாட்டில் நேராக வைத்துக்கொண்டு, வாயை முழுக்கத் திறந்தார்.

"ஆ..."

கடை முழுக்க நிமிர்ந்தது.

"ஈ..." "ஊ..."

கணீரென்று, பிசிறில்லாமல், நான் சொல்லிக்கொடுத்தபடியே. எண்பத்து மூன்று சதவீதம். யாரோ ஒரு ஆள் சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார். மாடம்மாள் முக்கோணத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். "மொதலாளி, இதப் பாருங்க. ஆஸ்பத்திரில குடுத்தது. பேச்சு வந்துட்டுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்காவ. இந்தா நிக்காவளே, இவியதான் போட்டாவ."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்தக் கையெழுத்து என்னுடையதுதான்.

முதலாளி நல்ல மனுஷர். ஒரு வார்த்தை கேலி பேசவில்லை. கல்லாவை விட்டு எழுந்து வந்து அண்ணாச்சியின் தோளில் கை வைத்து, "செரி கண்ணு. கூட்டமா இருக்கு, நீ மேசையப் பாத்துக்க" என்றார். அவ்வளவுதான். அதற்குள் வேறொரு ஆள் நடுவுக்கு வந்து ஆர்டர் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

நான் வெளியே வந்து மிளகு மூட்டை ஓரமாக நின்றேன். ஓடிவிடலாம் என்றுதான் வந்தேன். ஆனால் அண்ணாச்சி பின்னாலேயே வந்தார், மாடம்மாளும் வந்தாள். அவர் என் முகத்துக்கு நேராக நின்று ஒன்று கேட்டார். சின்னக் கேள்வி, மூன்று நாலு வார்த்தை. வாயோரத்தில் எச்சில் வழிந்தது. துடைக்கக்கூட இல்லை, பதிலுக்காகக் காத்திருந்தார்.

எனக்குப் புரியவில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொல்லியிருக்க வேண்டும். பத்துத் தடவையானாலும் கேட்டிருக்க வேண்டும். ஆனால் பின்னால் ஆட்டோ ஹார்ன், மிளகு நெடி, உள்ளே புது ஆள் ஆர்டர் சொல்லும் சத்தம். எப்படியாவது அந்த முகத்தின் முன்னாலிருந்து போய்விட வேண்டும் எனக்கு. நான் சிரித்தேன். கண்ணைப் பாதி மூடிக்கொண்டேன். மேலும் கீழுமாக, மெதுவாக, இரண்டு தடவை தலையை ஆட்டினேன்.

 அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"ஏன் மேடம் அப்படிச் சொல்லிட்டீங்க?" என்றாள் மாடம்மாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை.

"நான் என்ன சொன்னேன்?"

"அவிய, தப்பு எம்மேலதானான்னு கேட்டாவ. நீங்க ஆமான்னு தலையாட்டிட்டீங்களே மேடம்."

என்னை நானே காறித் துப்பிக்கொள்ள முடியுமானால் அந்த இடத்தில் செய்திருப்பேன். கைப்பையைத் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டு கடைக்குள் ஓடினேன். அவர் நாலாவது மேசையில் குனிந்து எச்சில் இலையை மடித்துக்கொண்டிருந்தார். தட்டும் கரண்டியும் ஆர்டரும் ஒரே இரைச்சல்.

"அண்ணாச்சி, இல்ல" என்றேன். "உங்க தப்பு இல்ல. என் தப்பு. மூணு எழுத்தை மட்டும் குடுத்தது நான். நீங்க நான் சொன்னதெல்லாம் சரியாத்தான் செஞ்சீங்க. புரியாம தலையாட்டிட்டேன். பேச்சு வரலைன்னு தெரிஞ்சுதான் கையெழுத்துப் போட்டேன்." கத்தித்தான் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்து நீட்டினேன். இருபத்தைந்து என்று எழுதியிருந்த தாள்.

அவர் தாளை வாங்கவில்லை. இரண்டு கையிலும் இலை இருந்தது. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். நான் சொன்னதை நம்பினாரா, அந்த இரைச்சலில் காதில் விழுந்ததா என்று எனக்குத் தெரியாது. ஒருவேளை எல்லாம் கேட்டு, எல்லாம் புரிந்து, இந்தப் பெண்ணும் எப்படியாவது இங்கிருந்து போகட்டும் என்று நினைத்திருக்கலாம்.

கண்ணைப் பாதி மூடி, மரியாதையாக, இரண்டு தடவை தலையை ஆட்டினார். பிறகு என்னைச் சுற்றிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனார்.